களிமண்ணில் செய்த பிஸ்கட்டு

தமிழரசி, பழமலை, பத்திரிகையில் வந்திருக்கிற என்னோட இந்த வாரத்துப் பக்கத்தை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கணும். உங்க அம்மா சமையல்கட்டில் இருக்கும்போது கொஞ்சம் உரக்கவே படிங்க. அவளுக்குத் தெரியாத சேதி இதில் ஒண்ணும் இல்லை. ஆனாலும் இதையெல்லாம் நான் எழுதிட்டேன்னு தெரிஞ்சா அவ சிரிப்பா. அந்தச் சிரிப்பு உங்க காதில் விழணும்.

கண்ணை மூடினால் எனக்கு முதலில் தெரிவது ஒரு கோணிச் சாக்கு. தண்ணீர் தெளித்து விரித்த சாக்கு. அதன் மேல் உடைந்த கப்பு, ஓரம் போன சாஸர், பிடி இல்லாத ஜாடி மூடி, எல்லாம் குப்புறக் கிடக்கிறது. எல்லாம் வெள்ளை. தகரக் கூரையின் ஓட்டை வழியாக சாயந்தர வெயில் இறங்கி, அந்த வெள்ளையில் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் பதினாலு ஆம்பிளைகள். முட்டி வரைக்கும் களிமண் காய்ந்த கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் கூட்ஸ் வண்டிக்குப் பெட்டி மாட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்கிறது.

மூலையில், கவிழ்த்துப் போட்ட கள்ளிப்பெட்டி மேல், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அதிகாரி.

"ஏழுமலை, நீங்க வாங்க" என்கிறார் டீச்சர்.

நான் எழுந்து போய் ஒரு துண்டைக் கையில் எடுக்கிறேன். அதைத் திருப்புவதற்கு முன்னால் உங்களுக்கு நாலு சேதி சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் துண்டு என் கையிலேயே இருக்கட்டும்.

ரொட்டியும் பிஸ்கட்டும்

போன வாரம் சூளையைப் பற்றி எழுதியிருந்தேன். களிமண்ணை அரைத்து, கூழாக்கி, அச்சில் ஊற்றி, காயவைத்துச் சூளையில் ஒரு தடவை வேகவைப்போம். மெருகு பூசி இன்னொரு தடவை வேகவைத்தால்தான் பளபளப்பு வரும். முதல் தடவை வெந்து, மெருகு பூசாமல் சுண்ணாம்புபோல வெளுத்திருக்கிற சாமானுக்கு எங்க பீங்கான் கம்பெனியில் ஒரு பேர் உண்டு. பிஸ்கட்டு.

யார் வைத்த பேரோ தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே "அந்தப் பிஸ்கட்டுத் தட்டத் தூக்கிட்டு வாப்பா" என்றுதான் சொன்னார்கள். டீயில் தொட்டுத் தின்கிறதை அந்த நாளில் நாங்கள் ரொட்டி என்போம். பொட்டிக்கடையில் போய் "ரெண்டு ரொட்டி குடுங்க" என்றுதான் கேட்போம். அதனால் எங்களுக்குள் ஒரு குழப்பமும் இருந்தது கிடையாது. ரொட்டி ரொட்டிதான், பிஸ்கட்டு பிஸ்கட்டுதான்.

வெந்த பிஸ்கட்டுக்குத் தாகம் ஜாஸ்தி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண் எதிரிலேயே குடித்துவிடும். நல்லா வெந்திருக்கா என்று பார்க்க நுனி நாக்கில் வைப்போம். பச்சென்று ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் சூளைச் சுவர் ஓரமாகச் சாய்ந்துகொண்டு, வெந்த துண்டு ஒன்றை நாக்கில் ஒட்டவைத்தபடி நான் எத்தனையோ சாயந்தரம் சும்மா நின்றிருக்கிறேன். முதுகு கதகதப்பாக இருக்கும். புதுமழை விழுந்த தரையின் வாசனை வாய்க்குள்ளேயே வரும்.

உடைந்த பிஸ்கட்டைக் கொட்டிவைக்கிற இடம் ரிஜெக்ட் கொட்டகை. வேலை முடிந்து அஞ்சரை மணிக்கு அங்கேதான் எங்களுக்கு வகுப்பு. முதியோர் வகுப்பு என்று பலகை தொங்கும். எனக்கு அப்போது இருபத்துநாலு வயசு. கேட்டில் வேலை பார்த்த காத்தவராயன் தினமும் கேட்பான், "என்னா மாப்ள, மீசையே இப்பதான் மொளைக்குது, அதுக்குள்ள முதியோரா?"

டீச்சர் பேர் ஆரோக்கியமேரி. கோயில் தெருவில், அதாவது மாதா கோயில் தெருவில், வீடு. எங்களில் பாதிப் பேருக்கு அவங்க மகள் வயசு. நிமிர்ந்து எங்க முகத்தைப் பார்த்துப் பேசவே அவங்களுக்கு ஒரு மாசம் ஆனது. நாள் முழுக்க மண் மிதித்துவிட்டு வந்த எங்களுக்கோ, பலகையைப் பார்த்த உடனே தூக்கம் வரும். அதற்குத்தான் அவங்க சனிக்கிழமை விளையாட்டைக் கண்டுபிடித்தாங்க.

உடைந்த துண்டு ஒவ்வொன்றிலும் அந்த வாரம் படித்த ஒரு வார்த்தையைப் பென்சிலால் எழுதி, குப்புற வைப்பாங்க. மண் கட்சி, சூளைக் கட்சி என்று ரெண்டு கட்சி. ஒவ்வொருத்தராகப் போய் ஒரு துண்டை எடுத்துப் படிக்கணும். சரியென்றால் துண்டு நம்ம கூடைக்கு. தப்பென்றால் திருப்பி வைத்துவிட்டு வரணும். கடைசியில், கூடையில் இருக்கிற வார்த்தைகளை வைத்து ஒரு வாக்கியம் சொல்லணும். ஒரு தடவை சூளைக் கட்சி, "மாடு மழையில் மாமியார் மீன்" என்று சொல்லிவிட்டு இதுவும் வாக்கியம்தான் என்று சண்டைக்கு நின்றது. அன்றைக்கு டீச்சர் சிரித்த சிரிப்பில் புடவைத் தலைப்பு வாயிலேயே இருந்தது.

ஊர் விசயம்

இப்போது உங்க அம்மா விசயத்துக்கு வருகிறேன்.

எங்க கல்யாணத்தை முடித்துவைத்த தரகர், பையன் அஞ்சாவது வரைக்கும் படிச்சவன் என்று திட்டக்குடியில் உங்க அம்மா வீட்டில் சொல்லிவிட்டார். நான் ரெண்டாவதே முழுசாகப் படிக்கவில்லை. கையெழுத்து மட்டும் படம் வரைகிறமாதிரி போடுவேன். உங்க அம்மா எட்டாவது. அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுவூடு போய்விட்டுத் திரும்பின நாள் நினைவுக்கு வருகிறது. திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் நிற்கிறது. அதன் நெற்றியில் பெரிசாகப் பலகை. நான் கண்டக்டரிடம் போய், "இது விருத்தாசலம் போவுமாண்ணே?" என்று கேட்டேன். அவர் பேசாமல் தலைக்கு மேலே கையைக் காட்டினார். உங்க அம்மா பலகையைப் பார்த்தாள். அப்புறம் துணிமூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து கழன்ற கனகாம்பரத்தைச் சரிசெய்தாள். வழியெல்லாம் வயல் பச்சையாக இருந்தது. ரெண்டு பேரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே சுகமாக இருந்தது.

மறு வருசம், தமிழரசி, நீ அவள் வயிற்றில் இருந்தாய். அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கிருந்து கடுதாசி போட ஆரம்பித்தாள். இன்லேண்டு லெட்டர், வெளுத்த வானம் மாதிரி நீலம். எனக்குப் படிக்கத் தெரியாது. கேட்டில் காத்தவராயன்தான் படித்துக் காட்டுவான். பதிலும் அவனே எழுதுவான். அவன் நல்லவன், கிண்டல் பண்ணினாலும் வெளியில் சொல்ல மாட்டான்.

ஆனால் கடுதாசியில் என்ன இருக்கும் தெரியுமா? வெள்ளைப் பசு கன்று போட்டது. ஏரி நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆனது. இவ்வளவுதான். ஒவ்வொரு கடுதாசிக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். மாட்டைப் பற்றி எழுதினவள் என்னைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டாளா? என்மேல் அவளுக்குப் பிரியமே இல்லையோ என்று தோன்றும்.

மழை பிடித்த சமயத்தில் ஒரு கடுதாசி வந்தது. காத்தவராயன் படித்துக்கொண்டே போனவன் கடைசியில் நின்றுவிட்டான்.

"அப்பறம்?" என்றேன்.

"கடைசி ரெண்டு வரி தண்ணி பட்டு அழிஞ்சி போச்சி மாப்ள" என்று மடித்துக் கையில் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பிரித்துப் பார்த்தேன். படிக்கத் தெரியாதவனுக்கும் அழிந்த எழுத்து எது, அழியாத எழுத்து எது என்று தெரியும். அந்த ரெண்டு வரியும் எறும்பு வரிசைமாதிரி சுத்தமாக நின்றன.

அவன் மறைக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? உடம்புக்கு ஏதாவதா? நான் புளுகினது தெரிந்து, இனிமேல் வரமாட்டேன் என்கிறாளா? வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். மனசு வரவில்லை. அந்த ரெண்டு வரியை நானே படிக்கணும் என்று அந்தக் கடுதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வியர்வையில் ஊறாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைத்தேன்.

விரிசலைப் படித்தவர்கள்

அதற்குப் பிறகு நான் வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. சனிக்கிழமை விளையாட்டில் மண் கட்சிக்கு நான்தான் பெரிய கை. எந்தத் துண்டை எடுத்தாலும் டக்கென்று சொல்லிவிடுவேன்.

ஆனால் நான் படிக்கவில்லை. பிடி முறிந்த கப்பு என்றால் பசு. ஓரத்தில் பிறை மாதிரி உடைந்த சாஸர் என்றால் மழை. குறுக்கே முடி விரிசல் ஓடினது என்றால் ஆசிரியர். எங்களுக்கு மண்ணுதானே பிழைப்பு. ஒரு துண்டை ஒரு தடவை கையில் வாங்கினால் அதன் விரிசல், கனம், வெந்த நிறம் எல்லாம் மனசில் தங்கிவிடும். நான் மட்டும் இல்லை, பதினாலு பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். திருட்டுத்தனம் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. படிப்பு என்றாலே இதுதான் என்று நினைத்துவிட்டோம்.

டீச்சருக்கு எப்படியோ சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை, எங்களுக்குத் தெரியாமல் உப்புத்தாள் போட்டு எழுத்தையெல்லாம் தேய்த்துவிட்டு, அதே துண்டுகளில் வேற வார்த்தை எழுதி வைத்துவிட்டாங்க.

நான் பிடி முறிந்த கப்பை எடுத்தேன். திருப்பும்போதே "பசு" என்றேன்.

டீச்சர் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாங்க. பார்த்தேன். "பசுதாங்க டீச்சர்" என்றேன்.

"அதுல மூணு எழுத்து இருக்குதுங்களே, ஏழுமலை."

எண்ணினேன். மூணு. என்ன எழுத்து என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து வந்தவரும் தப்பு, அதற்கடுத்தவரும் தப்பு. சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. டீச்சர் தன்மேலேயே கோபப்பட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாங்க.

அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. சட்டைப் பையில் இருக்கிற கடுதாசிக்கு விரிசல் கிடையாது.

அடுத்த வாரத்திலிருந்து டீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும் துண்டுகளை மாற்றிவிட்டாங்க. நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அச்சில் கூழ் ஊற்றும்போது வாய்க்குள் எழுத்துக் கூட்டுவேன். ஈரமண்ணில் விரலால் எழுதி, மேஸ்திரி வருவதற்குள் அழித்துவிடுவேன். எழுதும்போது புள்ளி வைக்க மட்டும் மறந்து மறந்து போகும். "ஏழுமலை, புள்ளியெல்லாம் சூளையில விழுந்துடுச்சிங்களா?" என்பாங்க டீச்சர். இப்போதும் நான் எழுதி அனுப்புவதில் பத்திரிகைக்காரர்கள் நிறையத் திருத்துகிறார்கள். புள்ளியை மட்டும் ரெண்டு தடவை பார்த்து நானே வைத்துவிடுகிறேன்.

உங்க அம்மா எழுத்து கொடிமாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும். வாரக் கடைசியில் பிரித்துப் பார்ப்பேன். நாலஞ்சு எழுத்து தெரியும். அப்புறம் பயந்து மடித்துவிடுவேன்.

அதிகாரி வந்த சனிக்கிழமை

கார்த்திகையில் சேதி வந்தது. வகுப்பைப் பார்க்க அதிகாரி வருகிறார், திருப்தி இல்லை என்றால் இந்த மாசத்தோடு மூடிவிடுவார்கள். டீச்சர் இதை எங்களிடம் சொல்லும்போது பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாங்க. ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாங்க.

வகுப்பு போனால் எனக்கு அந்த ரெண்டு வரியும் போய்விடும். எனக்கு அது மட்டும்தான் தோன்றியது.

இப்போது என் கையில் இருக்கிற துண்டைத் திருப்புகிறேன்.

"பால்" என்றேன்.

சரிதான். உண்மையாகப் படித்துத்தான் சொன்னேன். ஆனால் கள்ளிப்பெட்டியில் இருந்தவர் தலையை ஆட்டினார். எடுத்த எடுப்பில் சொல்கிறாயே, மனப்பாடமா என்று கேட்டார். பாடம் நடத்தச் சொன்னால் உடைந்த ஓட்டை வைத்துச் சொக்கட்டான் ஆடுகிறீர்களா என்று டீச்சர் பக்கம் திரும்பினார்.

"சரி, உணவுப் பாடம் நடந்திருக்குதில்ல? அதுல கேக்கிறேன்" என்று என்னைப் பார்த்தார். "பால் எதுலேருந்து வருது?"

"மாட்டுலேருந்துங்க."

"பிஸ்கட்டு எதுல செய்யறாங்க?"

இவ்வளவு சுலபமான கேள்வியா என்று எனக்கு ஆச்சரியம். "களிமண்ணுலங்க" என்றேன்.

அவர் பேனா நின்றுவிட்டது. "எதுல?"

நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று பின்னாலிருந்த சூளைக் கட்சிப் பெரியவர் எனக்குத் துணைக்கு வந்தார். "களிமண்ணுதாங்க ஐயா. ஒருவாட்டி வெந்தா பிஸ்கட்டு. ரெண்டாவது வாட்டி வேகறப்பதான் பளபளன்னு வரும்." பதினாலு தலையும் ஆமாம் ஆமாம் என்று ஆடியது.

அதிகாரி நோட்டை மூடிவிட்டார். அவரை நாங்கள் கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

எங்கிருந்து எனக்குத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பால் என்று எழுதின துண்டோடு அவர் எதிரே போய் நின்றேன்.

"ஐயா, இதாங்க பிஸ்கட்டு. நாங்க தெனமும் செய்யறது இதத்தான். நாக்குல வச்சிப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, குழந்தைமாதிரி நாக்கை நீட்டி வைத்தார். பச்சென்று ஒட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. கண்ணு ரெண்டும் பெரிசாகிவிட்டது. மெதுவாகப் பிரித்தெடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் சிரித்தார். சத்தம் இல்லாமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு.

குனிந்து, குவியலிலிருந்து ஒன்றும் எழுதாத ஒரு துண்டைத் தேடி எடுத்தார். தன் மைப்பேனாவால் எங்களுக்குத் தெரியாமல் கையை மறைத்துக்கொண்டு எழுதினார். "இதப் படி" என்று என்னிடம் நீட்டினார்.

பிஸ்கட்டு மையைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. எழுத்து ஒவ்வொன்றும் கண் எதிரிலேயே தடித்துக்கொண்டு வருகிறது. "சீக்கிரம் படிப்பா, ஊறுது" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இதில் எனக்குத் தெரிந்த விரிசல் இல்லை. இந்தத் துண்டை நான் தொட்டதே கிடையாது.

"கோ" என்றேன். "து... மை." மூச்சு வாங்கிக்கொண்டேன். "மா... வு."

அவர் கேட்ட கேள்விக்குப் பதிலைத்தான் நான் படித்திருக்கிறேன் என்று முதலில் புரிந்துகொண்டது டீச்சர்தான். தலைப்பு வாய்க்குப் போய்விட்டது. அப்புறம் கொட்டகையே சிரித்தது.

"ரெண்டு பதிலும் சரிதான்" என்றார் அதிகாரி. பால் என்று எழுதின துண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வகுப்பு அதற்கப்புறம் ஒரு வருசம் போல நடந்தது. டீச்சருக்குக் கல்யாணமாகிப் பாண்டிச்சேரி பக்கம் போய்விட்டாங்க. வேற யாரும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அது பிழைத்தது.

கடைசி ரெண்டு வரி

அன்றைக்கு எல்லாரும் டீக்கடைக்குப் போனார்கள். நான் போகவில்லை. சூளைச் சுவரின் பின்பக்கம், இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்த இடத்தில், சாய்ந்து உட்கார்ந்து கடுதாசியைப் பிரித்தேன்.

அந்த ரெண்டு வரிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கடைசி எழுத்துக்கு வரும்போது வானம் கடுதாசி நிறத்துக்கு வந்திருந்தது.

"இதைப் படித்துக் காட்டும் அண்ணனுக்கு என் வணக்கம் சொல்லவும். நீங்களே படிக்கும் காலம் வரும், அதுவரை ஊர் விசயம் மட்டும் எழுதுகிறேன்."

திட்டக்குடி பஸ் ஸ்டாண்டு பலகை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காத்தவராயன் அதை எதற்கு மறைத்தான் என்பதும் தெரிந்தது. அவனை நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இன்லேண்டு லெட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதில் மூணு வரி எழுதுவதற்குப் பகல் பூராவும் ஆனது. "அஞ்சலைக்கு. நானே படித்தேன். இனிமேல் ஊர் விசயம் வேண்டாம்."

ஓரத்துப் பசையை நாக்கில் நனைத்து ஒட்டினேன். ஸ்டேஷன் ரோட்டில் தபால் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, போடுவதற்கு முன்னால் விலாசத்தை ஒருமுறை பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. திட்டககுடி என்று இருந்தது. கடுதாசியைப் பெட்டியின் மேலேயே வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, விட்டுப்போன புள்ளியை வைத்தேன். அப்புறம் உள்ளே போட்டேன்.